மண்ணெண்ணெயைத் தொடாத கள்ளன்

அத்தியாயம் 3

முடிச்சுகள் இருந்தன. கொடி இல்லை.

கனகலிங்கம் லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். பெட்டியின் பக்கப் பலகையில் இராணுவ ஹெலிகொப்டர் சுட்ட துளைகள். ஒன்றுக்குள் ஒரு குளவி போய் வெளியே வந்தது.

பத்மாசினி கிணற்றுக்கட்டில் இருந்தபடி பார்த்தாள். அவருடைய மனைவியின் தங்கை. வைரவகோயிலடி சனசமூக நிலையத்தில் பெண்களுக்குத் தையல் பழக்குகிறாள். கனகலிங்கம் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனிக்காக எரிந்த கடைகளை விசாரித்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய வீடே எரிந்தது. அதை அவர் விசாரிக்கவில்லை. யார் கொளுத்தியது என்று தெரிந்திருந்தது. ஊருக்கு வந்தார். எட்டு வருடமாகிறது. ஊரில் ஏதாவது காணாமற்போனால் அவரைக் கூப்பிடுகிறார்கள். பத்மாசினியின் சைக்கிள் கரியரில் ஏறி வருவார். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

“சுத்தினது காணும், அத்தான். வைரவருக்கே நீங்கள் இத்தினை தரம் சுத்தினதில்லை.”

அவர் நின்றார். தெரிந்ததை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத ஊரில் அம்புலன்ஸ் ஓடாது. நிலையத்துத் தொண்டர்கள் ஒரு லான்ட்மாஸ்டரின் பின்னால் பெட்டியைப் பூட்டி, மேலே தறப்பாள் கூடு போட்டு, நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கூட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி. துணியின் நடுவே சிவப்புச் சிலுவை. வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது மட்டுமே பேச்சு.

சனிக்கிழமை பின்னேரம் கொடி தோய்த்துக் கட்டப்பட்டது. ஞாயிறு விடியப் பாம்பு கடித்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டின் மேல் கொடி இல்லை. தேட நேரமும் இல்லை. முருகேசு எஞ்சினை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். மருதனார்மடத்துக்குக் கிட்ட ஹெலி வந்து சுட்டது. பெண் பிழைத்தாள். முருகேசுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொடியை யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று நிலையத்தார் முடிவுசெய்தார்கள். தெரிந்தே எடுத்திருக்க வேண்டும் என்பது அடுத்த முடிவு. அதற்குப் பிறகு கனிசியஸ் என்ற பெயரைச் சொல்ல ஒருவருக்கும் சிரமமிருக்கவில்லை.

கனிசியஸ் மயிலிட்டிக்காரன். கடற்றொழிலாளி. போன வருடம் சண்டையில் அந்தக் கரை முழுவதும் எழும்பி ஓடிவந்தபோது மனைவியோடு ஓடிவந்தான். நிலையம் அவர்களுக்குப் பின்னறையைக் கொடுத்தது. அங்கேதான் பிள்ளை பிறந்தது. அவன் இரவில் விறாந்தையில் படுப்பான். பெட்டி நிற்கும் இடம் விறாந்தையிலிருந்து கூப்பிடு தூரம். ஊரவனுமல்ல, வந்தான் வரத்தான்.

இன்று பின்னேரம் நிர்வாகக் கூட்டம். அவனை இயக்கத்து விசாரணைக்காரரிடம் கொடுப்பதா என்பதுதான் விடயம். அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள்.

“அண்டிரவு பெட்டிக்குள்ளை வேறை என்ன இருந்தது?” கனகலிங்கம் கேட்டார்.

“மண்ணெண்ணெய்ப் போத்தல். நிரம்ப. விடிய முருகேசண்ணை அதைத்தான் எஞ்சினுக்கு ஊத்தினவர்.”

“தொடேல்லையோ?”

“மூடிகூடக் கழட்டேல்லை.” பத்மாசினி எழுந்து வந்தாள். “மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு அதை விட்டிட்டுத் துணியைக் கொண்டுபோறவன் மனுசனே இல்லை, அத்தான்.”

கனகலிங்கம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முடிச்சுகளைப் பார்க்கச் சொன்னார்.

அவள் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று பார்த்தாள். மூன்று முடிச்சிலும் துணியின் மூலை இறுகியபடி இருந்தது. அவிழ்த்திருந்தால் துணி இருக்காது என்றாள். வெட்டியிருந்தால் நூல் நேராக நிற்கும். இது இழுத்துக் கிழித்தது. முன்பக்கத்தில் நாலாவது முடிச்சைக் கயிற்றோடு காணவில்லை.

“கள்ளனிட்டைக் கத்தியும் இல்லை. அவிழ்க்கப் பொறுமையும் இல்லை. பாவம்.”

“எறும்பைப் பாத்தியோ?”

அவள் பார்த்தாள். முடிச்சுகளுக்கு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. ஒரு முடிச்சிலிருந்து துணித் துண்டை இழுத்தெடுத்துக் கொடுத்தாள். கனகலிங்கம் அதை வெயிலில் பிடித்தார். வெள்ளை என்று சொல்ல மனம் வரவில்லை. ஓரத்தில் மஞ்சள் பாரித்திருந்தது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதின்ரை ஆணியைக் கழட்டு” என்று எஞ்சினையும் பெட்டியையும் சேர்க்கும் இடத்தைக் காட்டினார். சனிக்கிழமை முருகேசு எஞ்சினைக் கழற்றித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனதாகவும் ஞாயிறு விடியத்தான் திரும்பப் பூட்டியதாகவும் அவர் கேள்விப்பட்டிருந்தார். பத்மாசினி ஆணியை இழுத்தாள். பெட்டியின் மூக்கு மண்ணில் குத்தியது. கூட்டின் முன்விளிம்பு கனகலிங்கத்தின் நெஞ்சுயரத்துக்கு இறங்கி வந்தது.

அவர் தலையை ஆட்டினார்.

நிலையத் தலைவர் அருளம்பலத்தார் உள்ளே இருந்தார். ரயில் ஓடிய காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் நின்றுபோன பிறகும் அவருடைய ஒழுங்கு நிற்கவில்லை. மேசையில் கடதாசியை விரித்து ஒரு சவர்க்காரத் துண்டை வைத்திருந்தார். கனிசியஸின் அறையில் எடுத்தது என்றார்.

சவர்க்காரம் ஊருக்குள் வராமல் மாதங்களாகிவிட்டன. துணி தோய்க்கச் சனம் பனங்காய்க் களிக்குத் திரும்பியிருந்தது. நிலையத்தில் மட்டும் ஒரு பாதிரியார் கொடுத்த கட்டிகள் சில இருந்தன. அருளம்பலத்தார் அவற்றை நூலால் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் தன் சைக்கிள் பூட்டின் திறப்பை அழுத்திக் கோடு போட்டு, அலுமாரியில் பூட்டினார். அது கொடிக்கு மட்டும். கொடி வெள்ளையாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் எடுத்தால் நிலையத்திலிருந்து விலக்கல். அந்த விதியை அவரே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

கனகலிங்கம் துண்டைப் புரட்டினார். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. மறுபக்கத்தில் திறப்புக் கோடு அழியாமல் இருந்தது.

“அலுமாரி உடைஞ்சதோ, அண்ணை?”

இல்லை என்றார். பூட்டு பூட்டியபடி. துண்டுகள் குறைந்தனவா என்று கனகலிங்கம் கேட்டார். இல்லை, சரியாக இருக்கின்றன என்றார்.

“அப்ப உது எங்கையிருந்து வந்தது?”

“அதைத்தான் அவன் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறான்” என்றார் அருளம்பலத்தார். “அது ஒண்டே சாட்சிக்குக் காணும்.”

கனிசியஸ் பின்னறை வாசலில் குந்தியிருந்தான். அறைக்குள் அவன் மனைவி ஜெசிந்தா பிள்ளையை மடியில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தொடையிலும் கழுத்திலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. பத்மாசினி உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளிடமும் பகிடி வரவில்லை.

கனகலிங்கம் அவனுக்கு எதிரே குந்தினார். பின்னேரம் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். சவர்க்காரம் எங்கே கிடைத்தது என்று சொன்னால் போதும் என்றார்.

“சொல்லேலாது, ஐயா.”

“களவெடுத்ததோ?”

“இல்லை.”

“அப்ப ஆரோ தந்திருக்கினம்.”

கனிசியஸ் தரையைப் பார்த்தான். உள்ளே ஜெசிந்தாவின் விசிறி நின்றது.

“சொல்லமாட்டம் எண்டு சத்தியம் பண்ணினது நாங்கள்” என்றாள் அவள். “தந்தவைக்கு எங்களாலை ஒரு கரைச்சல் வரக்கூடாது.”

கனகலிங்கம் பிள்ளையைப் பார்த்தார். துணி எதில் தோய்த்தீர்கள் என்று கேட்டார். முதலில் பனங்காய் என்றாள் ஜெசிந்தா. எவ்வளவு அலசினாலும் துணி பிசுபிசுத்தது. எறும்பு வந்தது. தோல் உரிந்தது. சவர்க்காரம் வந்த பிறகு கொஞ்சம் ஆறியது. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

கனகலிங்கம் எழுந்தார்.

வெளியே வந்ததும் பத்மாசினி சைக்கிளை எடுத்தாள். எங்கே என்று கேட்டாள். தலைவரின் வீட்டுக்கு என்றார் அவர். அவள் காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றாள்.

“அலுமாரியிலை துண்டு குறையேல்லை” என்றார் கனகலிங்கம். “அப்ப இந்தத் துண்டு, கொடி தோய்க்கவெண்டு வெளியிலை போன துண்டு. அது பிள்ளையின்ரை துணியிலை தேய்ஞ்சிருக்கு. கொடி எதிலை தோய்ஞ்சது?”

சட்டைப் பையிலிருந்து துணித் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் மணந்து பார்த்தாள். பிறகு இன்னொருமுறை மணந்தாள்.

“பனங்காய்” என்றாள்.

பனங்காயில் தோய்த்த துணியை ஊரில் ஒருவரும் காவலில்லாமல் கயிற்றில் காயப்போடமாட்டார்கள். யாராவது தடியோடு இருப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அந்தப் பக்கம் நினைக்கவில்லை. நிலையத்துக் கொடிக்குச் சவர்க்காரம் என்று சுவரில் எழுதியிருந்தது.

பத்மாசினி மிதித்தாள். ஒழுங்கை முடிந்து தெருவில் ஏறினாள். பிறகு, “நான் சொன்னது சரிதான், அத்தான்” என்றாள். “அவன் மனுசனே இல்லை.”

“அவளும் இல்லை. அது.”

அருளம்பலத்தாரின் மனைவி ஞானாம்பிகை முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாருங்கள் என்றார். தேத்தண்ணி போடட்டுமா என்றார். கை ஒடியலை விட்டு எழவில்லை. கொடி தோய்ப்பது அவருடைய தொண்டு. நிலையம் லான்ட்மாஸ்டர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தோய்க்கிறார். ஓட்டியது அவருடைய தம்பி முருகேசு.

பத்மாசினி கொட்டில் பக்கம் போனாள். மாடு கட்டையில் நின்றது. கயிறு கழுத்தளவுக்குக் குறுக்கப்பட்டிருந்தது.

“ஞானக்கா, ஊர் மாடெல்லாம் தரவையிலை மேயுது. உங்கடை மாடு மட்டும் என்ன குற்றம் செய்தது?”

ஞானாம்பிகை நிமிர்ந்தார். கனகலிங்கம் துணித் துண்டை ஒடியல் பாயின் ஓரத்தில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. காப்புறுதிக் கொம்பனியில் படித்த பழக்கம் அது. கேள்வி இல்லாத இடத்தில் ஆட்களே பேசுவார்கள்.

ஞானாம்பிகை துண்டைப் பார்த்தார். பிறகு எழுந்து கொட்டிலுக்குள் போய்க் கூரைக் கிடுகுக்குள் கைவிட்டார். ஒரு கந்தல் உருண்டையோடு வந்தார். சப்பி, உலர்ந்து, இறுகிப்போன துணி. மடிப்புக்குள் சிவப்புத் தெரிந்தது. கயிற்றின் நுனி ஒன்று தொங்கியது.

“ஞாயிறு விடியக் கண்டனான்” என்றார். “இரவு அவிட்டுக்கொண்டுபோன மாட்டுக்குப் பக்கத்திலை, வைக்கலுக்குள்ளை கிடந்தது. அப்ப லான்ட்மாஸ்டர் வெளிக்கிட்டுப் போட்டுது.”

மீதியை அவர் மெல்லச் சொன்னார். பிள்ளையின் தோலைக் கண்டு சகிக்கவில்லை. கணவரிடம் கேட்டால் விதியைக் காட்டுவார். கொடிக்கு வாங்கிய துண்டை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொடியைப் பனங்காயில் தோய்த்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வீட்டுக்குள்ளேயே காயவிட்டார். மணம் போய்விட்டது என்றுதான் நினைத்தார். கூடு உயரம், எட்டாது என்றும் நினைத்தார். எஞ்சின் கழற்றியிருந்ததை நினைக்கவில்லை.

“அவை சொல்லமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்” என்றார். “நானும் சொல்லேல்லை. தம்பி ஆஸ்பத்திரியிலை கேக்கிறான், அக்கா, கொடியை ஆர் எடுத்ததெண்டு தெரிஞ்சுதோ எண்டு.”

பத்மாசினி மாட்டின் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். கூட்டத்துக்கு வரும்படி கனகலிங்கம் கேட்கவில்லை. கந்தலை மட்டும் தரமுடியுமா என்று கேட்டார். ஞானாம்பிகை அதைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கூட்டத்துக்கு ஊரில் பாதி வந்திருந்தது. கனிசியஸ் சுவரோடு நிறுத்தப்பட்டிருந்தான். ஜெசிந்தா பிள்ளையோடு கதவருகே நின்றாள். மேசையில் கடதாசி, அதன் மேல் சவர்க்காரம்.

கனகலிங்கம் மண்ணெண்ணெயில் தொடங்கினார். முடிச்சு, எறும்பு, மஞ்சள், இறங்கிய கூடு. கடைசியாக, பனங்காய் மணத்துக்குத் துணியைச் சப்பும் மாடு. யாருடைய மாடு என்று சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை. பனங்காய் என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அருளம்பலத்தார் மட்டும் அசையவில்லை. நல்ல கதை என்றார். துணி எங்கே என்று கேட்டார். மாடு தின்றதற்குச் சாட்சி யார் என்று கேட்டார்.

“இருந்தாலும் இனி என்ன?” என்றார். “நான் காலமையே விசாரணைக்காரருக்குச் சொல்லி அனுப்பிப் போட்டன்.”

கூட்டம் முடிவெடுக்குமுன் தலைவர் முடிவெடுத்திருந்தார். கனகலிங்கம் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. காலை முழுவதும் முடிச்சைப் பார்த்தவர், மேசைக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பார்க்க மறந்துவிட்டார்.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மண்ணெண்ணெய்ப் புகை யன்னலால் உள்ளே வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் இளவயது. மற்றவருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. யார் கனிசியஸ் என்று கேட்டார்கள். ஒருவரும் காட்டவில்லை. கனிசியஸ் தானாகவே ஓரடி முன்னே வந்தான். ஜெசிந்தா பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள்.

“நில்லுங்கோ, தம்பியவை.”

ஞானாம்பிகை வாசலில் நின்றார். ஒடியல் மா படிந்த கை. கந்தல் உருண்டையை மேசைக்குக் கொண்டுவந்து, கணவனின் முன்னால் வைத்து, விரலால் பிரித்தார். சிவப்புப் பட்டை ஒன்று வெளியே வந்தது.

“என்ரை மாடுதான் திண்டது” என்றார். “பனங்காயிலை தோய்ச்சது நான். சவர்க்காரத்தை இந்தப் பிள்ளைக்குக் குடுத்ததும் நான். ஆரையேனும் கொண்டுபோறதெண்டா என்னைக் கொண்டுபோங்கோ. இவனை விடுங்கோ.”

அருளம்பலத்தார் மனைவியைப் பார்க்கவில்லை. சுவரில் தான் ஒட்டிய தாளைப் பார்த்தார்.

முன்நெற்றி ஏறியவர் கந்தலைத் தடியால் புரட்டினார். மாடா என்று கேட்டார். ஓம் என்றது மண்டபம். ஒரு குரலில் அல்ல. முதலில் ஒரு பெண், பிறகு இன்னொருத்தி, பிறகு ஆண்கள். எங்கள் வீட்டுச் சாரத்தையும் போன கிழமை மாடு தின்றது என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள். இளையவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மற்றவர் சிரிக்கவில்லை. தலைவரிடம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார்.

அருளம்பலத்தாரின் கை மேசையில் இருந்த திறப்பைத் தேடியது. எடுத்தது. வைத்தது.

“நான் பிழையாய்ச் சொல்லி அனுப்பிப் போட்டன்” என்றார்.

பிறகு கனிசியஸிடம் திரும்பினார். இதுவரை அவனை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

“நீர் வள்ளத்து எஞ்சின் ஓடினனீர்தானே. முருகேசு வாறவரைக்கும் லான்ட்மாஸ்டரை எடுப்பீரோ?”

முருகேசு வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கனிசியஸ் கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்.

“கொடி தைச்சுத் தந்தா எடுப்பன், ஐயா.”

அருளம்பலத்தார் சவர்க்காரத்தைக் கடதாசியோடு அவன் பக்கம் நகர்த்தினார். பிள்ளைக்கு வைத்துக்கொள்ளும் என்றார். ஜெசிந்தா கதவருகிலிருந்து முன்னே வந்தாள். கை நீட்டினாள்.

முன்நெற்றி ஏறியவரின் கை முந்திக்கொண்டது. துண்டை எடுத்து, திறப்புக் கோட்டைப் பார்த்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

“இது சான்று” என்றார். “எங்களிட்டை இருக்கட்டும்.”

சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பொத்தானைப் பூட்டினார். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பியது. ஜெசிந்தாவின் கை நீட்டியபடியே இருந்தது. ஞானாம்பிகை வந்து அதைப் பிடித்து இறக்கினார்.

பத்மாசினி கனகலிங்கத்தின் பக்கத்தில் நின்றாள். உதடு அசையாமல் பேசினாள்.

“அத்தான், காலமை முழுக்கத் தேடினம். இப்பதான் ஒரு கள்ளனைக் கண்டிருக்கிறம்.”

கனகலிங்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மூக்குக் குத்தி நின்ற பெட்டியின் மேல் மிச்சமிருந்த முடிச்சுகளில் இன்னும் எறும்பு ஊர்ந்தது.

“பேசாமல் சைக்கிளை எடு” என்றார்.